நூற்று நாற்பது தப்படி

பிப்ரவரி 3, திங்கள்

காலை 7.10க்குப் பந்தயத் திடலிலிருந்து போன். பயிற்சி ஓட்டத்தில் ஒரு பெண் குதிரைக்கு வலது முன்னங்கால் போய்விட்டது. 8.40க்கு வண்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்தது. நான்கு வயது, செம்பழுப்பு, 448 கிலோ. முட்டிக்குக் கீழுள்ள நீள எலும்பு இரண்டாகியிருக்கிறது. தோல் கிழியவில்லை. தோல் கிழியாதவரை எனக்கு வேலை இருக்கிறது.

பந்தயப் பட்டியலில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர். கூடவே வந்தவர் இருதயராஜ்; குளிப்பாட்டித் தீவனம் வைத்து எந்நேரமும் உடனிருக்கும் சைஸ். ஐம்பது வயதிருக்கும். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "பேரு பொம்மி அய்யா. கூப்ட்டா காதத் திருப்பும், பாருங்க" என்றார். கூப்பிட்டார். அந்த வலியிலும் திருப்பியது.

உரிமையாளர் போனில், "முடிச்சுருங்க டாக்டர். பாவம், எதுக்கு அவஸ்தை?" என்றார். இனி ஓடாது, ஆனால் நடக்க வைப்பேன் என்றேன். "ஓடாத குதிரைய வச்சு நான் என்ன சார் பண்றது? நீங்களே வச்சுக்குங்க" என்று கல்லூரிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மதியத்துக்குள் லாயத்தில் பொம்மியின் இடத்துக்கு வேறு குதிரை வந்துவிட்டதாம்.

அறுவை நான்கு மணி இருபது நிமிடம். என் வரைபடப்படி அம்பத்தூர் பட்டறையில் அடித்த அகலத் தகடு, பத்துத் திருகு, மேலே மாவுக்கட்டு. தகட்டில் குதிரையின் எண்ணை என் கையாலேயே பொறிப்பது வழக்கம். இது 32.

மயக்க மருந்து கொடுத்தவர் டாக்டர் பர்வீன், இணைப் பேராசிரியர், பதினான்கு ஆண்டுகளாக என் அறுவை மேசைக்கு எதிர்ப்புறம் நிற்பவர். குதிரைக்கு அறுவையைவிட விழிப்பதுதான் கண்டம். அரைமயக்கத்தில் துள்ளி எழுந்து, சரிசெய்த காலையே மறுபடி உடைத்துக்கொள்ளும். மெத்தை அடித்த அறையில் தலைக்கும் வாலுக்கும் கயிறு போட்டு நான்கு பேர் பிடித்தார்கள். மூன்றாம் முயற்சியில் நின்றது. பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி அதிகம் அந்த அறையில்.

பிப்ரவரி 5, புதன்

பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. மார்ச் 3 அன்று குழு வருகிறது. குதிரை எலும்பு அறுவைக்குத் தனி மையம் அமைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அமைந்தால், மார்ச் 31இல் ஓய்வு பெற வேண்டிய நான் ஐந்தாண்டு அதன் தலைவராக இருப்பேன். அமையாவிட்டால் அறுவைக்கூடத்தை மாட்டுப் பிரிவு எடுத்துக்கொள்ளும். கேட்டிருப்பவை இரண்டு: முப்பதாண்டுப் பதிவேடு; அறுவை செய்து நடக்கும் நிலையில் ஒரு குதிரை.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 1994இல் முதல் குதிரை, போலீஸ் குதிரை. கால் உடைந்த குதிரைக்கு மருந்து துப்பாக்கிக் குண்டு என்று எல்லோரும் நம்பிய காலம். "தில்லைநாயகம், குதிரை என்ன நாற்காலியா, காலுக்கு ஆணியடிக்க?" என்று துறைத்தலைவர் வகுப்பிலேயே கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் பின்னாளில் எனக்கு மேலதிகாரிகள் ஆனார்கள்.

அந்தக் குதிரை குணமானபோது வண்டியைக் கொட்டிலுக்கு வரவிடவில்லை. கொட்டிலிலிருந்து முன்கேட் வரை தார்ச்சாலையில் நடத்தியே கொண்டுபோய், கேட்டில்தான் வண்டி ஏற்றினேன். நூற்று நாற்பது தப்படி. துறைத்தலைவர் ஜன்னலில் நின்று பார்த்தார். அன்றிலிருந்து எல்லாக் குதிரையும் நான்காவது வாரம் அப்படித்தான் வெளியேறும். கேட்டைத் தாண்டினால் பதிவேட்டில் 'குணமடைந்து வெளியேறியது'. முப்பத்தொன்றில் இருபத்து நான்கு. மீதி ஏழு இங்கேயே இறந்தன. வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரையிலும் இதே கணக்குதான்.

பொம்மி நடந்தால் இருபத்தைந்து.

பிப்ரவரி 9, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன்.

என் மனைவி தையலுக்கு ஆகஸ்டில் கண்புரை எடுத்த மருத்துவமனையிலிருந்து மறுபடியும் போன். ஆறு மாதம் ஆகிவிட்டதாம். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, படி இறங்கும்போது தடுமாறுகிறதா என்று ஒரு பெண் கால்மணி நேரம் விசாரித்தாள். ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, இப்போது இது. அறுவை முடிந்து அனுப்பிய பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

வெப்பம் 37.9. நாடி 44. தீவனம் முழுவதும் தின்றது. எக்ஸ்ரேயில் எலும்பு கோடு பிடித்த மாதிரி நேராக நிற்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருதயராஜ் வீட்டுக்கே போன் செய்தார். "அய்யா, நல்ல காலு சுடுதுய்யா. இடது குளம்பு."

போய்ப் பார்த்தேன். சூடு இல்லை. ஈரக் கையோடு தொட்டிருப்பார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

லேசான சூடு. வெயிலில் நின்றிருக்கும். பிறகு நினைவு வந்தது, அந்தக் கொட்டிலில் வெயில் விழாது.

நாடி 56.

பிப்ரவரி 20, வியாழன்

பர்வீன் என்னைக் கேட்காமலே இடது குளம்பை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்.

குதிரையின் குளம்புக்குள்ளே கடைசி எலும்பு, மெல்லிய சதை மடிப்புகளால் சுவரோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கால் உடைந்தால், மற்றக் கால் இரண்டு கால்களின் பாரத்தையும் இரவும் பகலும் தாங்குகிறது. மடிப்புகளுக்கு ரத்தம் போகாது. அவை வெந்து பிரியும். எலும்பு கீழ்நோக்கித் திரும்பி, ஒருநாள் உள்ளங்குளம்பைக் குத்திக்கொண்டு வெளியே வரும். உடைந்த காலைச் சரிசெய்துவிடலாம். குதிரை சாவது நல்ல காலால்.

"பதினொரு டிகிரி திரும்பிருக்கு சார்" என்றார்.

நான் அளந்தேன். ஒன்பது.

"ரெண்டு டிகிரில என்ன சார் இருக்கு? அது ரெண்டு காலையும் மாத்தி மாத்தித் தூக்குது, பாத்தீங்களா? நிக்க இடமில்லாம தவிக்குது."

ஐஸ் வாளியில் காலை வைக்கச் சொன்னேன். குளம்புக்கு அடியில் மெத்தை கட்டினோம். வலிமருந்தை இரட்டித்தேன். முறைப்படி செய்ய வேண்டிய எல்லாமே செய்யப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

மாணவர்களுக்குக் காட்ட என் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு, பழைய தகடுகள் போட்டது. பர்வீன் இன்று அதைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் படித்தார். இருபத்திரண்டு இருந்தன.

"நம்ம முறைல தகடை எடுக்கறதே இல்லையே சார். ரெண்டாம் தடவை மயக்கம் குடுத்தா ஆபத்துன்னு உள்ளயேதானே விட்டுடறோம்?"

ஆமாம் என்றேன்.

"இங்க செத்தது ஏழு. அதோட தகடு ஏழு. மிச்சம் பதினஞ்சு எங்கேருந்து சார் வந்துச்சு? இதோ ஒன்பது. ஒன்பதாம் நம்பர் குணமாயி நடந்து போச்சுன்னு கட்டுரைல இருக்கு."

"பிரேதப் பரிசோதனைக் கூடத்துலேருந்து கழுவி அனுப்புவாங்க" என்றேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வெளியே இறக்கும் குதிரைகள் பின்கேட் வழியாக அங்கே வரும். அது வேறு துறை, வேறு பதிவேடு, அவர்கள் போடும் எண்ணும் வேறு. உரிமையாளர் பெயருக்கு எதிரே 'வெளியிலிருந்து' என்று எழுதுவார்கள். தகடு கிடைத்தால் பழுப்பு உறையில் போட்டு எனக்கு அனுப்புவார்கள். நான் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வேன். நல்ல எஃகு, வீணாக்கக் கூடாது.

"எத்தனை நாள்ல சார் வந்துச்சு ஒவ்வொண்ணும்?"

அதைக் குறித்துவைக்கும் வழக்கமில்லை என்றேன். அவர் தகடுகளைத் திரும்ப டப்பாவில் அடுக்கினார், எண் வரிசைப்படி. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார், முகம் வெளுத்திருந்தது.

எண் 12 இந்த டப்பாவில் இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும். மலையிலிருந்து வந்த மட்டக்குதிரை, 190 கிலோ. பதினொரு வருடம் நன்றாக வாழ்ந்தது. அதன் படம் என் அறையில் மாட்டியிருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. படுத்தபடியே தின்கிறது.

பிப்ரவரி 26, புதன்

பர்வீன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"பதினாலு டிகிரி. நீங்களே அளந்து பாருங்க. இப்பவே ஊசி போட்டு முடிச்சுடலாம் சார்."

"மூணாந்தேதி வரைக்கும்."

"அஞ்சு நாள். அஞ்சு நாளும் அது என்ன பாடு படும்னு உங்களுக்குத் தெரியாதா? தமிழ்நாட்டுலயே உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

இந்த மையம் வந்தால் இனி வரும் குதிரைகளுக்குக் காலில் பாரம் விழாமல் மிதக்கவைக்கும் மிதவைத் தொட்டி வாங்கலாம், தூக்குக்கவசம் வாங்கலாம், நல்ல காலையும் காப்பாற்றலாம் என்று விளக்கினேன். ஒரு குதிரையின் ஐந்து நாள், நூறு குதிரைகளின் ஆயுள்.

"இதத்தானே சார் ஒன்பதாம் நம்பருக்கும் சொல்லிருப்பீங்க?"

ஒன்பதாம் எண் வந்தது 1999இல்; அப்போது அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

வெளியேற்றப் பதிவில் மயக்க மருத்துவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை போடமாட்டேன் என்றார். சரி, அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

இருதயராஜ் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் எழ முயன்றார். வேண்டாம் என்று கைகாட்டினேன்.

"திங்கக்கெழம கேட்டு வரைக்கும் நடத்தணுமாமே அய்யா?"

"ஆமா. நீதான் பிடிச்சு நடத்தணும். உன் சொல்லுக்குத்தான் வரும்."

"நடந்துரும்யா. நான் கூப்ட்டா நெருப்புலயும் நடக்கும். அதுக்குத்தான் பயமா இருக்குது." பிறகு, "கேட்டு தாண்டுனா அப்புறம் எங்கய்யா கொண்டு போறது? லாயத்துல எடம் இல்ல. ஓனரும் இல்லைன்னுட்டாரு" என்றார்.

முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

"அப்புறம்னா எப்பய்யா?"

பேச்சு அதிகம்தான் இந்த ஆளுக்கு.

மார்ச் 2, ஞாயிறு

கல்லூரிக்குப் போய் அறையை ஒழுங்குபடுத்தினேன். குழு பார்ப்பதற்காகக் கண்ணாடித் தட்டில் ஏழு தகடுகளை வரிசையாக வைத்தேன். டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மேசையில் இடத்தை அடைக்கிறது.

மார்ச் 3, திங்கள்

9.30க்குக் குழு. நான்கு பேர். அவர்களில் ஒரு அம்மையார், ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர், மனிதர்களுக்கு. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இருபத்து நாலு பேர் நடந்து போயிருக்காங்க. பிரமாதம். தகடு ஏழுதான் திரும்ப வந்ததா?" என்றார். இறந்தவை ஏழு என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அதற்கு முன், 9.10க்கு, கொட்டிலில் இடது காலில் செய்ய வேண்டியதைச் செய்திருந்தேன். இருதயராஜ் பார்த்தார். "இது இன்னா ஊசிய்யா?" என்றார். மரத்துப்போகும் ஊசி என்றேன். குளம்புக்கு மேலே இருபுறமும் நரம்பில் போட்டால் கீழே இருப்பதே தெரியாது. வலி தெரியாத குளம்பில் குதிரை முழுப் பாரத்தையும் போடும். உள்ளே பிரிந்து தொங்குவது அறுந்து இறங்கும். இந்த நோயில் அந்த ஊசி கூடவே கூடாது என்று இரண்டாமாண்டுப் பாடத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

பத்து மணிக்குப் பொம்மி எழுந்தது. எட்டு நாளாகப் படுத்திருந்த குதிரை. கழுத்தை நிமிர்த்தி வெளியே பார்த்தது. வலி போய்விட்டது என்று நினைத்திருக்கும். இருதயராஜ் முன்னால் நடந்தார், கயிறு தொய்வாகவே இருந்தது. "பொம்மி, வாடா கண்ணு" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். அது காதைத் திருப்பித் திருப்பி நடந்தது. மாணவர்கள் இருபுறமும் நின்று போனில் படம் பிடித்தார்கள். நான் தப்படிகளை எண்ணினேன். நூற்று நாற்பது. குழுவினர் கைதட்டினார்கள். அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பர்வீன் எங்கும் தென்படவில்லை.

10.50க்கு, டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இருதயராஜ். "அய்யா, வண்டிய ஸ்டேஷன் ரோடு வழியா சுத்திப் பின்னாடி கேட்டுக்குக் கொண்டாந்துட்டோம். டாக்டரம்மா இங்கதான் நிக்கிறாங்க. ஊசி மருந்து எறங்கறதுக்குள்ள முடிச்சிரணும்னு சொல்றாங்க. பொம்மி வண்டில படுத்துருச்சு. குளம்புக்கு அடில ரத்தம். நீங்க வர்றீங்களா அய்யா? கையெழுத்துக்கு இல்ல. சும்மா, ஒருவாட்டி."

அம்மையார் மிதவைத் தொட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். வர இயலாது என்றேன்.

பின்கேட் என் அறையிலிருந்து எத்தனை தப்படி என்று எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை வந்ததில்லை.

மாலை பதிவேட்டில் எழுதினேன்: எண் 32, குணமடைந்து வெளியேறியது.

மார்ச் 4, செவ்வாய்

இருதயராஜ் கொட்டிலைக் கழுவி, வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போக வந்திருந்தார். வாசலில் நின்றார்.

"நீங்க வச்ச தகடு ஆடவே இல்லைய்யா. அறுத்துப் பாத்தாங்க. எலும்பு ஒட்டிக்கிச்சு. சூப்பர் வேலைன்னு சொன்னாங்க."

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. போய் வேலையைப் பார் என்றேன்.

"வேல இல்லைய்யா. வேற குதிர குடுக்கறவரைக்கும்" என்றார்.

மார்ச் 12, புதன்

பழுப்பு உறை வந்தது. கையெழுத்திட்டு வாங்கினேன். தகடு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது, திருகுகள் தனிப் பொட்டலத்தில். 32.

ஒன்பது நாள். எழுதும் வழக்கமில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மற்றவற்றின் நாட்களும் எனக்கு நினைவில்தான் இருக்கின்றன. 9க்கு இருபத்தாறு நாள். 17க்கு நான்கு. 21க்கு ஐம்பது. டப்பாவின் மூடி இப்போது அழுந்தி மூடவில்லை. ரப்பர் பேண்ட் போட்டேன்.

மார்ச் 19, புதன்

இதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். 'என் கட்டுரையில் குணம் என்பது கேட் வரை நடந்ததை மட்டுமே குறிக்கும்' என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம். தையல் புதுக் கண்ணால் படித்துப் பார்த்து, இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். "எப்ப அனுப்பப் போறீங்க?" என்றாள்.

ஆணை வரட்டும் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

ஆணை வந்தது. மையத்துக்கு அனுமதி. ஐந்தாண்டுத் தலைமை. முப்பத்திரண்டில் இருபத்தைந்து என்ற 'அரிய சாதனை'யைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மிதவைத் தொட்டி அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும். முதற்கட்டமாகக் கொட்டிலிலிருந்து முன்கேட் வரை ரப்பர் தளம் போட ஒப்புதல்.

பர்வீன் மாட்டுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். விடைபெற வந்தபோது, "கடிதம் அனுப்பிட்டீங்களா சார்?" என்றார். தையலிடம் பேசியிருக்கிறார். இந்த நேரத்தில் அனுப்பினால் மையமே நின்றுவிடும் என்றேன். தலையாட்டினார். பதினான்கு ஆண்டுகளில் அவர் என்னோடு வாதாடாமல் போனது இன்றுதான்.

ஏப்ரல் 16, புதன்

காலை 8.05க்கு வண்டி. மூன்று வயது ஆண், கறுப்பு, 462 கிலோ. இடது முன்னங்கால், அதே எலும்பு. தோல் கிழியவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் இருதயராஜ். அவருக்கு வேறு குதிரை கொடுத்திருக்கிறார்கள். வணக்கம் வைத்தார். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன், அறுவைக்கூடத்தைத் தயார் செய்யச் சொன்னேன். புதுத் தகட்டை வைத்து, சுத்தியலால் உளியைத் தட்டினேன். 33.

இத்தனை நேரமாக அவர் வாயே திறக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நானாகவே கேட்டேன்.

"பேரு என்ன இருதயராஜ்?"

அவர் குதிரையைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார்.

"நெம்பர் போதும்யா" என்றார்.